டொமைன் பெயர் நிலம் அல்ல, வாடகைக் கடை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இணையத்தில் டொமைன் பெயர்களை வாங்கி விற்பது பற்றி இப்போது உங்களில் பலர் பேசுகிறீர்கள். வாங்கிய கையோடு விற்பதா, பத்து வருடம் வைத்திருந்து விற்பதா என்பதுதான் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் நியாயமான விலை வந்தவுடன் விற்றுவிட வேண்டும். வைத்திருந்து பார்ப்பதென்றால் நான்கைந்து பெயர்களுக்கு மேல் கூடாது.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். மனைவியின் நகையை அடகு வைத்து 200 பெயர்கள் வாங்கப் போகிறாராம். "சார், பைபாஸ் வர்றதுக்கு முன்னாடி நிலம் வாங்கிப் போடுற மாதிரிதான் இது" என்றார். உதாரணம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொருந்தாது.

நிலத்தை ஒரு தடவை பத்திரம் பதிந்தால் அது உங்களுடையது. விலை ஏறாவிட்டாலும் உளுந்தாவது விதைக்கலாம். டொமைன் பெயர் அப்படி இல்லை. வருடா வருடம் பணம் கட்டினால்தான் அது நம் கையில் இருக்கும். மொத்தமாகக் கட்டினாலும் ஒரு சமயத்தில் 10 வருடத்துக்கு மேல் பதிய முடியாது. கட்டாமல் விட்டு .காம் பெயர் ரத்தானால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் கெடு. அதற்குப் பிறகு 5 நாளில் அது பொதுவுக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இது வாடகைக் கடை. வியாபாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் வாடகை நிற்காது.

கணக்குப் போடுவோம். ஒரு .காம் பெயருக்கு வருடம் சுமார் 1,000 ரூபாய் என்று வையுங்கள். முதல் வருடம் சலுகை விலை காட்டுவார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 200 பெயருக்கு வருடம் 2 லட்சம். பத்து வருடத்துக்கு 20 லட்சம். நூற்றுக்கு ஒன்று வீதம் வருடத்தில் இரண்டு பெயர் விற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் 1 லட்சத்துக்குப் போனால்தான் அந்த வருட வாடகைக்கே சரியாகும். நகைக் கடனுக்கு வட்டி தனி.

இதையே 10 பெயரோடு செய்து பாருங்கள். முதல் 10,000. ஒரு வருடத்தில் ஒன்றே ஒன்று 15,000-க்கு விற்றாலும் முதல் வந்துவிட்டது. மீதி ஒன்பதில் யாரும் விலை கேட்காததைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். லாபம் சின்னதுதான், ஆனால் வீட்டில் தூக்கம் கெடாது.

வைத்திருந்து விற்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொரு வியாபாரிக்கு விற்றால் மொத்த விலைதான் கிடைக்கும். அந்தப் பெயரில் கம்பெனி தொடங்குகிறவரே தேடி வந்தால் பல மடங்கு கொடுப்பார். உண்மைதான். ஆனால் அவர் எந்த வருடம் வருவார், வருவாரா என்பது யாருக்கும் தெரியாது.

பெரிய கதைகளையும் பார்ப்போம். மைக்ரோஸ்ட்ரேட்டஜி நிறுவனம் பல வருடம் வைத்திருந்த வாய்ஸ்.காம் பெயரை 2019-ல் 3 கோடி டாலருக்கு விற்றது. ஆனால் அந்த நிறுவனத்துக்குச் சோறு போட்டது மென்பொருள் தொழில், அந்தப் பெயர் அல்ல. 1,50,000 டாலருக்கு வாங்கப்பட்ட பிசினஸ்.காம் 1999-ல் 75 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கு நான்கு வருடம் முன்பு, 1995 செப்டம்பர் வரை, .காம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அந்தக் காலம் போய்விட்டது. இந்தியாவில் பிறந்த தர்மேஷ் ஷா 2023-ல் சாட்.காம் பெயரை 1 கோடியே 55 லட்சம் டாலருக்கு வாங்கி, சில மாதங்களிலேயே கைமாற்றிவிட்டார்.

ஒன்று காத்திருந்து விற்றது, ஒன்று உடனே விற்றது. மூன்றுக்கும் பொதுவானது காலம் இல்லை, பெயர். எல்லாம் ஒரே சொல், குழந்தைக்கும் புரியும் சொல். இன்று 1,000 ரூபாய்க்குக் கிடைப்பதெல்லாம் முப்பது வருடமாக உலகம் வேண்டாம் என்று விட்டுவைத்தவை. பத்து வருடம் காத்திருப்பதால் சொத்தைத் தேங்காய் கொப்பரை ஆகாது.

இன்னொன்று. பிரபலமான கம்பெனிப் பெயரைப் போலவே ஒன்றைப் பதிந்துவைத்து விலை பேசலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-லேயே சிஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரும் போகும், கட்டிய பணமும் போகும். சட்டம் இருக்கட்டும், அடுத்தவர் உழைத்துச் சம்பாதித்த பெயரை வைத்து நாம் காசு பார்ப்பது சரியா?

இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் நான் சொல்வது இவ்வளவுதான். கடன் வாங்காதீர்கள். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பணத்தை மட்டும் போடுங்கள். வாங்கும் அன்றைக்கே ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இந்தப் பெயர் யாருக்குத் தேவைப்படும், எந்த விலை வந்தால் கொடுப்பேன், எந்தத் தேதியோடு விட்டுவிடுவேன். முதல் கேள்விக்கே பதில் எழுத வரவில்லை என்றால் அந்தப் பெயரை வாங்க வேண்டாம். எழுதிய விலை வந்தால், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று பார்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். விற்ற கதையை மட்டும் எழுதாதீர்கள். விற்காத பெயர்கள் எத்தனை, அவற்றுக்கு இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் பாடம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்