வாய்க்குள் வந்த பாலுண்ணி



கண்டாவளைப் பக்கம் போயிருந்தபோது ஒரு தங்கை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இவர் கட்டாரிலயிருந்து வந்து மூன்று மாதம். உதட்டுக்கு உள்ள பாலுண்ணி மாதிரி இரண்டு கிடக்கு. அங்க ஆரோடையும் பழகியிருப்பாரோ? எனக்கும் வந்திடுமோ?"

போரில் இரண்டு தமையன்மாரைப் பறிகொடுத்தவள். இந்தக் குடும்பமும் உடைந்தால் எங்கே போவது என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது.

உதட்டின் உள்பக்கம் மஞ்சள் குருணை போலத் தெரிபவை பலருக்கும் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள். அவற்றால் தீங்கில்லை. உண்மையான பாலுண்ணி எச்.பி.வி. என்ற வைரசால் வருவது. வாய்வழி உறவால் தொற்றலாம். கையிலுள்ள பாலுண்ணியைக் கடிக்கும் பழக்கத்தாலும் வாய்க்கு வரலாம். தொற்றியபின் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கிலும் வெளியே தெரியாமல் கிடக்கும். ஆகவே யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று வைத்தியராலும் சொல்ல முடியாது. அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. பாலுண்ணியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் என்கிறேன்.

சுண்ணாம்பு பூசுவதும் நூல் கட்டுவதும் வேண்டாம். பல் வைத்தியர் பார்க்கட்டும். வெற்றிலை, புகையிலை போடுபவரென்றால் கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு என்பன புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். பாலுண்ணியை விட எனக்குப் பயம் அதில்தான்.

பிறகு இருவரும் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். துண்டு தேவையில்லை, காசில்லை, விபரம் வெளியே போகாது. எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்ப்பார்கள். அதுவரை ஆணுறை பாவியுங்கள், எச்.பி.வி.யை அது முற்றாகத் தடுக்காது, குறைக்கும். "எங்க போனனீர்?" என்று தொடங்கினால் கதை அன்றோடு முடிந்துவிடும். "இரண்டு பேரும் ஒருக்காக் காட்டிப்போட்டு வருவம்" என்று கேட்டுப் பாருங்கள்.

கர்ப்பப்பை வாசல் புற்றுநோயை உண்டாக்குபவை இதே வைரசின் வேறு வகைகள், முக்கியமாக 16, 18. அதற்கான பாப் பரிசோதனையை 35 வயதிலும் 45 வயதிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள். தங்கைக்கு வயது 35. குடும்பநல மாது இரண்டு தரம் கூப்பிட்டும் வெட்கத்தில் போகவில்லையாம். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசிக்கான கடிதமும் கையெழுத்தில்லாமல் அலுமாரியில் கிடந்தது. அதை அன்றே எடுத்துக் கையெழுத்திட்டாள்.

"இவர் வரமாட்டன் எண்டால்?" என்று கேட்டாள்.

"நீ தனியப் போ. நானும் வாறன்" என்றேன்.