பேய் நகரம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் இடிந்த சுவர் முன்னால் நின்று படம் எடுத்துப் போடாத நண்பர்கள் எனக்குக் குறைவு. படத்தின் கீழே எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: 'பேய் நகரம்'. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல், கடல் கொண்டுபோன பாம்பன் பாசஞ்சர், ராமர் வில் பட்ட இடம். யூடியூப் வரலாறு இந்த மூன்றோடு முடிந்துவிடும்.

அந்த ரயிலில் போன உயிர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள் இந்த நிலையம் யாரை ஏற்றி அனுப்பியது என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு ரயில் என்று வழி அமைந்தது. அதுதான் போட் மெயில். துரைமாரும் வணிகர்களும் வக்கீல்களும் அதில் போனார்கள், உண்மை. ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேண்டியிருந்தது வக்கீல் அல்ல, கூலி. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சேரிகளிலிருந்து புறப்பட்ட நிலமற்ற பறையரும் பள்ளரும் அருந்ததியரும் அவர்களில் பெரும்பகுதி. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கழுத்தில் ஏறும். அதோடுதான் கப்பல் ஏறவேண்டும். அதற்கும் முன்னால் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய அந்த முகாமில், காலரா பயத்தைச் சொல்லித் தொழிலாளர்களை நாள்கணக்கில் தடுத்து வைத்துச் சோதித்தார்கள்.

'கடல் கடந்த தமிழன்' என்று பெருமை பேசுகிறவர்கள் ராஜேந்திர சோழனையும் இந்தக் கொழுந்து பறித்த பெண்களையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். படையோடு போனதும் கடனோடு போனதும் ஒன்றா? (ஆய்வேட்டில் இப்படி எழுதினால் நெறியாளர் சிவப்பு மையில் சுழிப்பார்.)

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதினார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரியாக 53 நாளில் புயல் வந்தது. ரயிலையும் நிலையத்தையும் பற்றி இத்தனை கதை சொல்லும் நாம் இந்த ஒப்பந்தத்தைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியோடு தாண்டிவிட்டோம்.

என் அப்பாயி ஹட்டன் பக்கம் லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா தனுஷ்கோடி வழியாகப் போனவர். அப்பாயி திரும்பி வரும்போது அந்த நிலையம் இல்லை, ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டார்கள். முன்னே பின்னே பார்த்திராத 'சொந்த ஊரில்' அவரிடம் முதலில் கேட்டது பெயரை அல்ல. "எந்தத் தெரு?" என்றுதான். மூன்று தலைமுறை மலையில் உழைத்துவிட்டு வந்தாலும் சேரி அதே இடத்தில் காத்திருந்தது.

2019 மார்ச்சில் தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட அடிக்கல் நாட்டினார்கள். பேச்செல்லாம் யாத்திரை, சுற்றுலா. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. மண்டபத்தில் இன்றும் அகதி முகாம் இருக்கிறது.

அந்த ரயில் வருமோ வராதோ. வந்தால், நிலையத்தின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் இங்கிருந்து கூலியாக ஏற்றப்பட்டவர்கள் யார், எந்தச் சேரிகளிலிருந்து வந்தவர்கள் என்று எழுதி வைக்கச் சொல்லிக் கேட்போம். படம் எடுக்கப் போகும் தோழர்கள் அதுவரை 'பேய்' என்ற சொல்லையாவது விடுங்கள்.