'போன்ஜூர்' சொல்லாம ரொட்டி கேட்காதீங்க! - பிரெஞ்சு பழகும் தமிழர்களுக்கு முதல் பாடம்

பாரிஸில் ஒரு தெருமுனை ரொட்டிக்கடை. கல்யாணமாகி, கணவரோடு வாழ ஊரிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருவர் உள்ளே நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே பத்து முறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைப் பிசகாமல் சொல்கிறார்: 'யூன் பகெத், சில் வூ ப்ளே.' ஒரு பகெத் ரொட்டி கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். இலக்கணத்திலும் குறையில்லை. ஆனால், கடைக்காரம்மா ரொட்டியை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்து, அழுத்தமாக 'போன்ஜூர்' என்கிறார்.

அது வரவேற்பு இல்லை. 'முதல்ல வணக்கம் சொல்லுங்க' என்கிற கண்டிப்பு!

பிரான்ஸில் கடை, பஸ், டாக்டரின் காத்திருப்பு அறை என்று எங்கே நுழைந்தாலும் முதல் சொல் போன்ஜூர்தான். மாலையானால் போன்ஸ்வார். அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தால், செருப்போடு வீட்டுக்குள் வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. பெட்டிக்கடையில், 'அண்ணே, ஒரு தீப்பெட்டி குடுங்க' என்று கேட்கும்போது அந்த 'அண்ணே' செய்கிற வேலையைத்தான் அங்கே போன்ஜூர் செய்கிறது.

பிரெஞ்சு கற்பது பொழுதுபோக்காக இருப்பவர்களுக்கு இது வெறும் சுவாரஸ்யம். அங்கே போய்க் குடியேறுகிறவர்களுக்கோ வாழ்க்கைப் பிரச்னை. 2024 ஜனவரியில் பிரான்ஸ் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் மொழித்தகுதி கடுமையாகியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கான வசிப்பு அட்டையை முதன்முறை வாங்க 'ஏ2' நிலை, பத்தாண்டு அட்டைக்கு 'பி1', குடியுரிமைக்கு 'பி2' தேவை. சில விதிவிலக்குகள் உண்டு. முன்பு பத்தாண்டு அட்டைக்கு ஏ2, குடியுரிமைக்கு பி1 போதுமானதாக இருந்தது. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் மளிகை முதல் சலூன் வரை தமிழிலேயே காரியம் முடிந்துவிடும் என்பதால், 'அப்புறம் படிச்சுக்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள்தான் இப்போது அதிகம் திணற வேண்டியிருக்கும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, இங்கிலீஷ் வழியாகப் பிரெஞ்சுக்குப் போவது. தமிழ் வழியாகப் போனால் பல இடங்களில் பாதை கிட்டம்.

'ஐ ஆம் ஹங்ரி'யை மனதில் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் 'ஜ ஸ்வி...' என்று தொடங்கி மாட்டிக்கொள்வார். பிரெஞ்சில் பசி என்பது நாம் 'இருக்கிற' நிலை அல்ல, நம்மிடம் உள்ள ஒன்று. 'ஜே ஃபேன்', அதாவது என்னிடம் பசி உண்டு. வயதும் அப்படியே. 'எனக்குப் பசி', 'எனக்கு 20 வயசு' என்று பேசி வளர்ந்தவருக்கு இது பக்கத்து வீடுதான். உச்சரிப்பிலும் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பிரெஞ்சின் 'டி' எழுத்து, இங்கிலீஷ் 'ட' அல்ல, பல்லில் நாக்கு படுகிற நம்முடைய 'த'. டேபிள் அங்கே 'தாப்ல்'.

'நீ', 'நீங்கள்' விஷயத்துக்கு விளக்கமே தேவையில்லை. நெருக்கமானவர்களுக்கு 'த்யூ', மரியாதைக்கு 'வூ'. 'வூ' பன்மையும்கூட, நம் 'நீங்கள்' மாதிரியே! 'யூ' ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டும் இங்கிலீஷ்காரர்கள் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஆனால், ஓர் எச்சரிக்கை. யாரை எப்படி அழைப்பது என்பதில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலான வீடுகளில் பேரன்கூட தாத்தாவை 'த்யூ' என்றுதான் கூப்பிடுவான். அது மரியாதைக் குறைவு இல்லை. முன்பின் தெரியாத இளவயது கடைப்பையனுக்கோ 'வூ'. அவன் சின்னவன்தானே என்று 'த்யூ' போட்டால் முகம் சுருங்கும். 'இனிமே நீ, வா, போன்னே பேசிக்கலாமா?' என்று கேட்டு மாறுவதும் அங்கே வழக்கம். அப்படி அழைப்பதற்கென்றே 'த்யூத்வாயே' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள்.

தமிழ் கைவிடுகிற இடம் ஆண்பால், பெண்பால். நமக்கு நாற்காலியும் நிலவும் அஃறிணை, அத்துடன் விஷயம் முடிந்தது. பிரெஞ்சில் அஃறிணை கிடையாது. மேஜை பெண், புத்தகம் ஆண். சைக்கிள் ஆண், மோட்டார் சைக்கிள் பெண். தாடி, மீசை இரண்டுமே பெண்பால்! காரணம் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும். 'தாப்ல்' என்று தனியாக மனப்பாடம் செய்யாமல், முன்னொட்டோடு 'லா தாப்ல்' என்றே நாக்கில் ஏற்றிக்கொள்வதுதான் ஒரே வழி. 'நேஷன்' போல 'டிஐஓஎன்' என்று முடிகிறவை பெண்பால் என்பது போன்ற சில அடையாளங்கள் உண்டு. அவை போகப் போகப் பிடிபடும்.

பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் பலர் இந்த அட்டவணைகளையெல்லாம் கரைத்துக் குடித்திருப்பார்கள். வாய் திறந்து பேசித்தான் இருக்க மாட்டார்கள். ஆரம்பநிலைத் தேர்வான 'டெல்ஃப் ஏ1'லோ கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் சமமாக 25 மார்க். பேச்சுத் தேர்வில், கடையில் பொருள் வாங்குவதுபோல நடிக்கவும் சொல்வார்கள். வணக்கம், நன்றி சொல்கிறாரா என்றும் கவனிப்பார்கள். ஆக, ரொட்டிக்கடைப் பாடம் பரீட்சைக்கும் வருகிறது.

கடைசியாக, எண்கள். 70 என்பதற்கு அறுபது-பத்து. 80 என்பதற்கு நாலு-இருபது. 97 என்றால் நாலு-இருபது-பத்து-ஏழு! சிரிக்க வேண்டாம், நம் 'தொண்ணூறு'க்குள்ளும் நூறு உட்கார்ந்திருக்கிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபது, தொண்ணூறுக்கு எளிய தனிச்சொற்கள் உண்டு. பிரான்ஸில் அந்தச் சலுகை கிடைக்காது. போதாததற்கு, அங்கே பத்து இலக்க போன் நம்பரை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள். எதிர்முனையில் ஆஸ்பத்திரி வரவேற்பாளர் 'நாலு-இருபது...' என்று ஆரம்பிக்கும்போது 8 எழுதுவதா, 9 எழுதுவதா என்று தெரியாமல் பேனா அந்தரத்தில் நிற்கும். அடுத்த சொல்லையும் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருடைய நம்பரையும் இப்படி இரண்டிரண்டாகச் சொல்லிப் பார்ப்பதுதான் இதற்கான பயிற்சி.