பத்துப் பேரில் பொய்யர் யார்?

முதல் ஆட்டத்திலேயே என்னை விண்கலத்திலிருந்து தூக்கியெறிந்துவிட்டார்கள். நான் யாரையும் கொல்லவில்லை. வாய் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். "பேசாதவர் மேல்தான் சந்தேகம்" என்றார் ஒருவர். மற்றவர்கள் வழிமொழிந்தார்கள். அப்படிச் சொன்னவர்தான் கொலைகாரர் என்பது ஆட்டம் முடிந்த பிறகு தெரிந்தது.

2018இல் வெளியாகி, 2020 ஊரடங்கில் உலகெங்கும் பரவிய 'அமாங் அஸ்' வீடியோ கேமின் அரசியல் இது. சீட்டு எடுத்துத் திருடனைக் கண்டுபிடிக்கும் ராஜா-மந்திரி விளையாட்டுக்குத் தூரத்து உறவு. நேர் மூதாதை, 1986இல் மாஸ்கோவில் திமித்ரி தவிதோவ் உருவாக்கிய 'மாஃபியா'. கலத்தின் ஊழியர்கள் தங்கள் வேலைகளை முடிக்க வேண்டும். அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் வேஷதாரிகள் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவார்கள். பிணம் கிடைத்தால் கூட்டம், விவாதம், வாக்கெடுப்பு.

புதியவர்கள் முதலில் கற்க வேண்டியது கேள்வி கேட்க. 'யார் செய்தது?' என்பது பயனற்ற கேள்வி. பிணம் எந்த அறையில்? நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கூட யார்? பொய்க்கு விவரம்தான் எதிரி. நீங்கள் போன வழியையும் நினைவில் வைத்து, கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேலை செய்வதாக நடிப்பவரைக் காட்டிக்கொடுப்பது மேலே தெரியும் பச்சைப் பட்டை. வேலை முடிந்தால் அது வளரும். ஆனால் பல கட்டங்கள் கொண்ட வேலையில் கடைசிக் கட்டத்தில்தான் வளரும். எனவே அது துப்பு மட்டுமே, தீர்ப்பல்ல.

மூன்றாவது, கணக்கு. வேஷதாரிகளின் எண்ணிக்கையும் ஊழியர்களின் எண்ணிக்கையும் சமமானால் ஆட்டம் அவர்களுடையது. ஆறு பேரில் இருவர் வேஷதாரிகள் என்றால், ஆதாரமின்றி ஒரு அப்பாவியை வெளியேற்றினால் அடுத்த கொலையோடு கதை முடிந்தது. வாக்களிக்காமல் விட்டால் இன்னொரு கூட்டத்துக்காவது வழியுண்டு. ஐந்து பேராகிவிட்டால் அந்தச் சலுகையும் இல்லை. சரியான ஆளைச் சுட்டியே தீர வேண்டும்.

செத்துப்போனாலும் ஓய்வில்லை. ஆவியாக அலைந்தபடி மிச்ச வேலையை முடிக்கலாம்; ஊழியர்கள் ஜெயிக்க அதுவும் கணக்கில் சேரும்.

அடுத்த ஆட்டத்தில் இன்னொருவர் மௌனமாக இருந்தார். வெளியேற்றக் கூச்சல் கிளம்பியது. "எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டேன். பதில் வர இருபது விநாடி ஆயிற்று: "மன்னிக்கவும், டைப் செய்ய நேரமாகிறது. கொலையைப் பார்த்தேன்."