புதியவர் நம் விருந்தினர்

பல்கலைக்கழகத்திற் புதிய கல்வியாண்டு பிறக்குங்கால், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்கள் அதனை எளிதில் அறிந்துகொள்ளும். தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்துகளிலே, பெட்டியும் பையும் சுமந்து, பெற்றோருடன் புதிய முகங்கள் தோன்றும். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்களைக் கடந்து ஒலுவிலில் அவர்கள் இறங்குவர். அவருட் சிலர் நம் ஊர்ப் பிள்ளைகள். ஏனையோர் மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் வருபவர். தமிழில் ஒரு சொல்லேனும் அறியாதாரும் அவருள் உளர். இவர்களை வரவேற்றல் உபவேந்தருக்கும் பேராசிரியர்க்கும் மாத்திரம் உரிய கடமையன்று. மூத்த மாணாக்கர்க்கும் ஊராராகிய நமக்கும் உரியது என்பதே யான் இவ்வாரம் வற்புறுத்த விரும்புவது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்த வரலாற்றை இன்றைய இளைஞர் பலர் அறியார். 1990ஆம் ஆண்டின் கொடுமைகளை அடுத்து, வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் பயின்ற முஸ்லிம் மாணாக்கர் அங்குத் தங்கிக் கல்வியைத் தொடர இயலாதவராயினர். தகுதி இருந்தது, அமர்ந்து கற்க இடம் இல்லை. அக்குறை தீரவேண்டுமென்று அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் எடுத்த பெருமுயற்சியின் பயனாக, 1995 ஒக்டோபர் 23இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. 1996 மே 15இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சிறிய அளவில் தொடங்கிய அந்நிறுவனத்தில் இன்று கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கைகள், பொறியியல், தொழினுட்பம் எனப் பல பீடங்கள் உள்ளன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறை வயல்வெளிகளுக்கு அருகே இயங்குகின்றது.

இடம் இழந்தவர்க்கு இடம் அளித்தற்பொருட்டு எழுந்த கலைக்கூடம் இது. அங்கே புதிதாகப் புகும் ஒரு பிள்ளைக்கு, “உனக்கு இங்கு இடம் இல்லை” என்று ஒருவர் சொல்லாலோ செயலாலோ உணர்த்துவாராயின், அவர் அதன் பிறப்பின் நோக்கத்தையே மறந்தவராவர்.

பகிடிவதை என்னுந் தீமையை மனத்திற்கொண்டே இதனைக் கூறுகின்றேன். பகிடியென்பது நகைச்சுவை, வதையென்பது துன்புறுத்தல். ஒருவர் துன்புறுவது மற்றவர்க்கு நகையாவது எங்ஙனம்? என்னிடம் தமிழ் கற்ற ஏழை மாணவன் ஒருவன், நாட்டின் வேறொரு பாகத்திலுள்ள பல்கலைக்கழகமொன்றிற்குச் சென்று, மூன்றாம் வாரத்திலேயே திரும்பிவந்தான். அங்கு நிகழ்ந்ததை அவன் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பதின்மூன்று ஆண்டு படித்த படிப்பு மூன்று வாரத்தில் முறிந்தது. “செல்வர் வறியர் என்னும் வேற்றுமையைப் போக்கவே இவ்வாறு செய்கின்றோம்” என்று மூத்த மாணாக்கர் சிலர் நியாயம் பேசுவர். அச்சத்தினால் அனைவரும் வாயடங்கி நிற்றல் சமத்துவம் ஆகாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. எனினும், விடுதி அறைக்குள் நள்ளிரவில் நடப்பதைச் சட்டம் எப்பொழுதும் காண்பதில்லை. உடனிருக்கும் மாணாக்கரே அதனைத் தடுத்தல் வேண்டும்.

திருக்குறளின் அதிகார வைப்புமுறையை நோக்குமின். அன்புடைமையை அடுத்து விருந்தோம்பல். அதனை அடுத்து இனியவை கூறல். அதன்பின் செய்ந்நன்றி அறிதல். அன்பு உள்ளவரே விருந்தோம்புவர். விருந்தினர்க்கு முதலில் இடவேண்டியது இன்சொல். இன்சொற் பெற்றவர் நன்றி மறவார். புதியவரை வரவேற்கும் முறைக்கு இதனினும் சிறந்த ஒழுங்கு வேறு வேண்டுமோ?

விரிவுரையாளர்க்கும் ஒரு வேண்டுகோள். கிராமப் பாடசாலையிலே தாய்மொழியிற் பயின்று சிறந்த பெறுபேறு பெற்ற மாணவி, விஞ்ஞானத்தையோ பொறியியலையோ ஆங்கிலத்திற் கேட்கும் முதல்நாளிலே திகைத்து நிற்பாள். அத்திகைப்பை அறியாமையென்று கொள்ளற்க. முதற்பருவத்திற் சற்றே மெதுவாகச் சொல்லுங்கள். வினா எழுப்புவோரை எள்ளாதிருங்கள். பாடம் விளங்காமையினும், விளங்கவில்லையென்று சொல்ல அஞ்சுவதே கல்விக்குப் பெரிய தடையாம்.

ஊர்விட்டு ஊர் சென்று கற்பித்தவர் பெருமை நமக்குப் புதியதன்று. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், கடல்கடந்து 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அயலூரார் அவர் புலமையை அறிந்து ஆசனம் அளித்தனர். அன்று நம் கரையிலிருந்து ஒருவர் வெளியே சென்றார். இன்று வெளியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் நம் கரைக்கு வருகின்றனர். அவருள் நாளைய பேரறிஞர் எவரென்று யாரே அறிவார்?

ஆதலின், ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் வாடகைக்கு அறை விடுவோரே, தூர ஊர்ப் பிள்ளையின் வறுமையை எண்ணி வாடகை கேளுங்கள். கடைக்காரரே, மொழி தெரியாதவர் வந்தால் பொறுமையுடன் உரையாடுங்கள். தமிழ் மாணாக்கர்காள், சிங்களத் தோழர்க்கு நாள்தோறும் நான்கு தமிழ்ச் சொற்கள் கற்பியுங்கள். அவரிடம் நான்கு சிங்களச் சொற்கள் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவதற்குள் இருவரும் ஒருவர் வீட்டுச் செய்தியை மற்றவர் மொழியிற் கேட்குமளவுக்கு நெருங்கிவிடலாம். நூலகத்துக்கு வழி கேட்கும் புதியவர்க்குக் கைகாட்டி விடாது, உடன்சென்று வாயிலில் விட்டுவாருங்கள்.

புதிய மாணாக்கர்காள், ஆசிரியப் பெருமக்காள், வருக! இக்கரையோரம் உங்களுக்கும் உரியது. அச்சமின்றிக் கற்பீராக, அடுத்த ஆண்டு வருவோரை நீவிரே முன்னின்று வரவேற்பீராக.