கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கவனிக்க ஆள் எங்கே?



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் இருக்கும் ரெட்டியார்சத்திரத்தை உங்களில் பலர் கொள்முதலுக்குப் போன வழியில் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நவீன கருவிகளை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. அவற்றை நடத்திச் செல்லும் ஆட்களையும் உருவாக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். நம் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் அறக்கட்டளைகளும் இதைப் படித்தே ஆக வேண்டிய நேரம் இது.

செம்பட்டிக்கு வந்த செயற்கைக்கோள்

1988ல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில் கன்னிவாடியை மையமாக வைத்து விவசாயிகளிடையே பணியாற்றியது. ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கம் அதனுடன் கைகோத்தது. 2004 அக்டோபர் 18 அன்று அன்றைய பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங் கிராம வள மையங்களைத் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் இணைப்பை இஸ்ரோ தந்தது. தமிழகத்தில் முதலில் இணைக்கப்பட்ட மூன்று ஊர்கள் திருவையாறு, தங்கச்சிமடம், நமது திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டி.

தொலைவில் இருக்கும் நிபுணரைத் திரையில் பார்த்து, பயிருக்கு வந்த நோயைப் பற்றி விவசாயி நேரடியாகக் கேட்க வழி பிறந்தது. இன்று பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் போனிலேயே இது முடியும். அன்று அது பெரிய காரியம்!

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அந்தத் தட்டு ஆண்டெனாவை அல்ல. அதன் பின்னால் இருந்த ஏற்பாட்டை! அந்த ஏற்பாடு 1998லேயே புதுச்சேரி கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மையத்துக்கு இடமும் மின்சாரமும் ஊர் தர வேண்டும். பயிற்சியும் கருவியும் நிறுவனம் தரும். நடத்துபவர்கள் ஊர்க்காரர்களாகவே இருக்க வேண்டும். சாதி பாராமல், ஆண் பெண் பாராமல் எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். எம்பலம் கிராமத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் அமைந்தது. தலித் மக்களும் பெண்களும் அங்கு வந்து போக ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கருவி என்னவோ ஒன்றுதான். ஊருக்கு ஊர் தேவை வேறு. தேவையை முதலில் கேட்டார்கள், பிறகே கருவியைப் பொருத்தினார்கள்.

நம் நிலை என்ன?

பல ஜமாஅத் அலுவலகங்களில் யாரோ ஒரு வள்ளல் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் துணி போர்த்தி இருக்கிறது. பாஸ்வேர்டு ஒருவரின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் வெளிநாடு போனால் கணக்கும் கூடவே போய்விடுகிறது. சந்தா ரசீது ஒரு புத்தகம், பைத்துல்மால் கணக்கு இன்னொரு புத்தகம், வக்ஃபு பத்திரம் எவர் வீட்டு பீரோவிலோ! கருவி வாங்கப் பணம் தருபவர் உண்டு. அதை நடத்தும் ஆளுக்கு மாதச் சம்பளம் தருபவர் யார்?

இதன் விலையை 2025ல் கண்ணால் கண்டோம். வக்ஃபு திருத்தச் சட்டத்தின்படி, ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட 'உமீத்' தளத்தில் எல்லா வக்ஃபு சொத்துகளையும் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்றார்கள். முத்தவல்லி பதிய வேண்டும், வக்ஃபு வாரியம் சரிபார்க்க வேண்டும், அதன்பின் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். அவகாசத்தைப் பொதுவாக நீட்டிக்க டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்து, தீர்ப்பாயங்களை அணுகச் சொன்னது. டிசம்பர் 6 அன்று கெடு முடிந்தபோது நாடு முழுவதும் பதிவு தொடங்கப்பட்டிருந்த சொத்துகள் சுமார் 5 லட்சத்து 17 ஆயிரம். ஒப்புதல் பெற்றவை 2 லட்சத்து 17 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை!

தளம் திணறியது உண்மை. சட்டத்தின் மீது நமக்கு ஆட்சேபம் இருப்பதும் உண்மை. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, மக்கள் மன்றம் இருக்கிறது. ஆனால் பத்திரத்தை ஸ்கேன் செய்யவும், அளவைச் சரிபார்க்கவும், படிவத்தை நிரப்பவும் தெரிந்த ஓர் ஆள் மஹல்லாவில் இல்லாமல் முத்தவல்லிகள் அலைந்தார்களே, அதற்கு யார் பொறுப்பு? சட்டத்தை எதிர்ப்பது ஒன்று; சொத்தின் ஆவணத்தைக் காப்பது வேறொன்று. இரண்டுமே கடமை.

செய்ய வேண்டியது

வியாபாரிகளே! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? கடையை மூடவில்லை. கணக்கரைப் பிடித்தீர்கள், மென்பொருள் வாங்கினீர்கள், பில் போடக் கற்றுக்கொண்டீர்கள். சொந்தக் கடைக்குக் காட்டிய அந்த அக்கறையில் பாதியைப் பள்ளிவாசல் கணக்குக்குக் காட்டக் கூடாதா? உங்கள் கணக்கரின் நேரத்தில் மாதம் ஒரு நாளை ஜமாஅத்துக்குத் தாருங்கள். கம்ப்யூட்டர் நன்கொடை தருபவர், மூன்று வருடப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் தாருங்கள்.

இளைஞர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் இருவர் முன்வாருங்கள். ஒருவர் அல்ல, இருவர். ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் இருக்க வேண்டும். பத்திரங்களைப் படியெடுத்து இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். பாஸ்வேர்டை உறையிலிட்டு நிர்வாகக் குழுவிடம் ஒப்படையுங்கள். உதவி பெறும் ஏழைகளின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அவர்கள் மானமும் அமானிதம்தான். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய கம்பெனிகள் சில மென்பொருட்களை இலவசமாகவும் சலுகை விலையிலும் தருகின்றன. தகுதி விதிகளைப் படித்து விண்ணப்பியுங்கள்.

நிர்வாகிகளே! படித்த பிள்ளை வந்து கணக்கைக் கேட்டால், "உனக்கு எதற்கு?" என்று விரட்டாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் இடம் தர ஒரு சிறு கிராமம் மனம் வைத்தது. நம் பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையைத் திறந்து, ஒரு மேசை போட்டு, வேலை தெரிந்த இரு இளைஞர்களை உட்கார வைக்க நம்மால் முடியாதா? அடுத்த அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கட்டும்!