பாவம், அந்தத் தேன் கரடி!

குட்டீஸ்... தேன் ஜாடிக்குள் தலையை விட்டு, 'திருதிரு'வென முழிக்கும் 'வின்னி தி பூ' கரடியைத் தெரியும்தானே? அந்தச் சாதுக் கரடி, 2023ல் வெளியான, 'வின்னி தி பூ: பிளட் அண்ட் ஹனி' என்ற ஆங்கிலப் படத்தில் கொலைகாரனாகி விட்டது! 2025ல், 'ஸ்க்ரீம்போட்' படத்தில் மிக்கி மவுசைக் குறும்புப் பிசாசாக்கினர். கீரை தின்னும் பாப்பாயையும் அதே ஆண்டு அரக்கனாக்கி விட்டனர்.

திடீரென ஏன் இப்படி? எல்லாம் சட்டம் திறந்துவிட்ட கதவுதான். அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் காலப் படைப்புகளுக்கு 95 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. பிறகு, அவை பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கதை பண்ணலாம். ஏ.ஏ.மில்ன் 1926ல் எழுதிய கரடிக் கதை, 2022ல் பொதுச்சொத்தானது. 1928ல் வந்த, 'ஸ்டீம்போட் வில்லி' படத்து மிக்கி, 2024ல் வந்து சேர்ந்தது. 1929ல் பிறந்த பாப்பாய், 2025ல்!

'அப்படியானால், அந்தக் கதவை மூடிவிட வேண்டியதுதானே...' என்கிறீர்களா? கூடவே கூடாது. வால்ட் டிஸ்னி, 1937ல் எடுத்த, 'ஸ்நோ ஒயிட்' யாருடைய கதை? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டுப்புறக் கதை. அது பூட்டிக் கிடந்திருந்தால், ஏழு குள்ளர்களின் ஆட்டம் பாட்டத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

பேய்க்கதையும் தப்பில்லை. பயந்துகொண்டே சிரிப்பது ஜாலிதான். என் கோபமெல்லாம் சோம்பேறித்தனத்தின் மீதுதான். நல்லவனைக் கெட்டவனாக்கினால் ஒரு அதிர்ச்சி வரும். பத்து நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். அப்புறம் சொல்லக் கதை வேண்டாமா? கரடிப் படத்திற்கு, 2024ல், 'மோசமான படம்' உட்பட ஐந்து 'ராஸி' விருதுகள் கிடைத்தன. மோசமான படங்களைக் கேலி செய்து கொடுக்கும் விருது அது! ஆனாலும், ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம், 50 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. பிறகென்ன... ஆளாளுக்குக் கிளம்பி விட்டனர்.

ஒன்றை மறக்காதீர்கள். இவை பெரியவர்களுக்கான படங்கள். போஸ்டரில் பழகிய முகம் இருக்கிறதே என்று, கார்ட்டூன் போல நினைத்து ஏமாறக் கூடாது. தம்பி, தங்கையிடமும் சொல்லி வையுங்கள். தெரியாமல் பார்த்து பயந்துவிட்டால், அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் கரடிக்கு எதுவும் ஆகவில்லை. மில்னின் மகன் கிறிஸ்டோபர் ராபின் கட்டிப்பிடித்து விளையாடிய பொம்மைக் கரடி, நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால், அதே சாதுக் கரடிதான் வரும்.

அந்தக் கதவு உங்களுக்கும் திறந்துதான் இருக்கிறது. பேப்பர், பென்சிலை எடுங்கள். உங்கள் கதையில், அந்தக் கரடி என்ன செய்யப் போகிறது?